ஏழு நானோமீட்டர் இடுக்கு

பாலாற்றில் பால் இல்லை, தண்ணீரும் இல்லை.
எங்கள் தோட்டப்பாளையத்து வானத்தில்
பால்வீதியும் அப்படித்தான்,
பெயர் மட்டும் ஓடுகிறது.

மாசி மாதம். மேகமில்லை.
ஆனாலும் தலைக்கு மேல்
வடிகட்டாத டீ நிறத்தில் நிற்கிறது இரவு.
பைபாஸ் விளக்குகள், கோட்டைச் சுவர் விளக்குகள்,
கொல்லைச் சுவருக்கு அந்தப்பக்கம்
நாலுமாடி லாட்ஜ்.
அதன் பலகையில் வங்காள எழுத்து,
கொடியில் துணி காயப்போட்டதுபோல்
மேல்கோட்டில் தொங்கும் எழுத்து,
பச்சை, சிவப்பு, பச்சை என்று விடிய விடிய.
ரூம் இருக்கிறது என்கிறதாம்.
இருக்கட்டும்.

துவைக்கிற கல்லுக்கும் முருங்கைக்கும் நடுவே
முக்காலியில் என் தொலைநோக்கி.
முருங்கையில் ஒரு கிளை வெட்டியதற்கு
குணவதி இரண்டு நாள் பேசவில்லை.
இருபது மாதச் சீட்டுப் பணத்தில் வாங்கிய ஃபில்டர்
ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது.
கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு
"இருட்டை விலைக்கு வாங்கிட்டு வந்திருக்கே" என்றாள்.

உண்மைதான்.
ஊர் வெளிச்சம் அத்தனையையும் வாசலில் நிறுத்திவிட்டு
ஹைட்ரஜனின் ஒரே ஒரு சிவப்பை மட்டும்
ஏழு நானோமீட்டர் இடுக்கில் உள்ளே விடும்,
கல்யாண மண்டபத்து இரைச்சலில்
தன் பிள்ளை அழுவதை மட்டும் கேட்கிற காது மாதிரி.

திருவாதிரைக்குக் கிழக்கே
கைமுட்டி அகலம் தள்ளி, ரோசெட் நெபுலா.
படத்துக்கு ஐந்து நிமிடம்.
ஒன்பதாவது ஓடும்போது
இரண்டாம் மாடியிலிருந்து செல்போன் டார்ச்
நேராக என் தலையில் விழுந்தது.
என்ன செய்கிறாய் என்று இந்தியில் கேட்டார்.
என் இந்தி ஆஸ்பத்திரி இந்தி:
பேர் என்ன, சீட்டு எங்கே, நாளைக்கு வா.
இறங்கியே வந்துவிட்டார்.
நிதாய் மண்டல், மால்டா.
மனைவிக்குச் சதை எடுத்திருக்கிறார்கள்.
செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்.

சுவர்மேல் லேப்டாப்பை வைத்துக் காட்டினேன்.
சாம்பலில் ஒரு வளையம், நடுவில் ஓட்டை.
"பூ" என்றார். "நிறம்?"
"அப்புறம் போடுவோம்."
"நிஜமான நிறம்?"

பகலில் நான் திசுச் சீவல்களுக்குச் சாயம் ஏற்றுகிறவன்.
உட்கருவுக்கு நீலம், மிச்சத்துக்கு ரோஜா.
சாயத்துக்கு முன்
கண்ணாடியில் ஊதிய மூச்சைப்போல இருக்கும் அது.
இருபத்திரண்டு வருஷத்தில்
ஒருவரும் என்னைக் கேட்டதில்லை இதை.
"தெரிகிற மாதிரி போடுவதுதான்" என்றேன்.

விளிம்பில் விரல் வைத்தார்.
"இது வளர்கிறதா?"

வளர்கிறதுதான்.
உள்ளே நட்சத்திரங்கள் திரண்டு
வாயுவை வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன.
ஆனால் அந்த வினைச்சொல்லை
எங்கள் லேபில் யாரும் உரக்கச் சொல்வதில்லை.
"ரொம்ப தூரத்தில் இருக்கிறது" என்றேன்.
அது பதில் இல்லையென்று
இரண்டு பேருக்குமே தெரிந்தது.

பத்து மணிக்குக் கரண்ட் போனது.
பலகை அணைந்தது, தெரு அணைந்தது,
என் மோட்டாரும் நின்றது.
வருஷமெல்லாம் வேண்டிக்கொண்ட இருட்டு
வந்த நேரத்தில் படம் எடுக்க வழியில்லை.
அண்ணாந்து பார்த்தோம்.
வெறுங்கண்ணுக்கு வளையம் தெரியாது என்று
அவருக்குச் சொல்லவில்லை.
அவர் எதையோ பார்த்துத் தலையாட்டினார்.
பிறகு லாட்ஜ் ஜெனரேட்டர் உறுமியது,
பச்சை, சிவப்பு, பச்சை.

செவ்வாயன்று என் தட்டுகளில் எண்கள்தான், பெயர்கள் இல்லை.
அதனால் எனக்குத் தெரியாது.
பால்கனியில் இப்போது வேறு துண்டு காய்கிறது.

நாற்பத்தொரு படங்களில்
ஒன்பதாவதில் ஒரு மூலை வெளுத்திருக்கிறது.
நீக்கவா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது மென்பொருள்.
இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆக்சிஜனுக்கு இன்னொரு ஃபில்டர் வேண்டும்.
புதுச் சீட்டில் சேர்ந்திருக்கிறேன்,
குணவதிக்குத் தெரியாது.