பதினான்காம் குழிக் குளம்

ஃப்ளோரிடாவில் இந்தக் குளத்துக்குள்
கண்ணுக்கு வேலையில்லை.
டார்லா சீவர்ஸ் விரலால்தான் பார்க்கிறாள்:
அம்மைத் தழும்பு தட்டினால் எட்டு சென்ட்,
வழுவழுவென்றால் ஆமை,
அசைந்தால்
கையை எடுத்துவிட வேண்டும்.

மேலே யாரோ கெட்ட வார்த்தை சொல்கிறார்கள்.
தொப்.
இன்னொரு எட்டு சென்ட்.

கரையில் கொட்டிப் பிரிக்கையில்
எழுத்து அச்சடித்தவை தனி வாளிக்கு. பாதி விலை.
"பணி ஓய்வு வாழ்த்துகள், கிளென்!"
போன வருடம் பதினொன்று,
எல்லாம் ஒரே மூலையில்.
மனுஷன் திருந்தவே மாட்டான் என்று
முதலை வருகிறதா எனப் பார்த்து நிற்கும்
தம்பியிடம் சிரித்தாள்.

இந்த வருடம் மூவாயிரம் பந்து.
கிளென் ஒன்றுகூட இல்லை.

ஒருவேளை ஆட்டம் கைவந்திருக்கும்.

சிலிண்டரில் காற்று ஒன்பது நிமிடம்.
அந்த மூலைக்கே மறுபடி போகிறாள்,
நாலு சென்டுக்கு.