சூரை

நாற்பது நிமிஷம் ஆகும் என்றான் வாசலில் பையன்.
ஆழ்வார்பேட்டைச் சந்தில், புங்கை மரத்தடியில்
எங்களுக்கு முன்னால் பதினொரு குடும்பம்,
ஒரகடத்துக் கம்பெனிக்காரர்கள் நான்கு பேர்,
கழற்றிய டையைச் சட்டைப் பையில் சுருட்டி வைத்த
ஜப்பானியர்கள்.

எந்தப் பேரில் எழுத, மேடம்?
அவன் இனிஷியல் கேட்கவில்லை.
இருந்தும் சுகந்தி நிறுத்திச் சொன்னாள்:
து. சுகந்தி. து, துலுக்காணம்.
அவன் 'சுகந்தி டூ' என்று அடித்துக்கொண்டான்,
இரண்டு பேர்தானே நாங்கள்.

காலையில்தான் பாரிமுனையில் முத்திரை விழுந்தது.
மை கொஞ்சம் இழுத்துவிட்டது, வேறு குறையில்லை.
எங்கே போகலாம் என்றேன்.
மீன் இருக்கிற இடம், ஆனா
எனக்குத் தெரிஞ்ச மீன் வேணாம் என்றாள்.

கதவைத் திறந்ததும் மொத்தக் கடையும் ஏதோ கத்தியது.
பயந்து என் முழங்கையைப் பிடித்தாள்.
வாங்க வாங்கன்னு அர்த்தமாம் என்றேன்.
இதுக்கா இந்தக் கூச்சல்,
எங்க ஏலத்துல இதைவிட மெதுவா பேசுவாங்க.

மேடைக்கு எதிரே உயர நாற்காலி.
கத்தி பிடித்த இளைஞன் மிசோரத்துக்காரன்,
சட்டையில் பெயர்: ரின்மாவியா.
அவன் பலகையில் ஒரு சிவப்புப் பாளம்,
செம்பருத்தியைக் கசக்கிய நிறம்.
சுகந்தி எட்டிப் பார்த்தாள்,
கண்ணாடியில் மூக்கு இடித்தது.

அது சூரைடீ.

மெனுவில் அதற்கு வேறு பெயர்,
பெயருக்குப் பக்கத்தில் ஆயிரத்து நூறு.
ஐந்து துண்டு.
சூரையா! இதையா! எங்கப்பா
கூடைக்கு அடியில தள்ளிடுவாரு,
கேக்கறவங்க இல்லாம கருவாட்டுக்குப் போவும்!
என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.
பிறகு கன்னத்தில் கை வைத்து, தாழ்ந்த குரலில்
சூரை நூறு, நூத்தியம்பது, நூத்தியம்பது,
யாருப்பா, ஆயிரம், ஆயிரத்து நூறு, ஒருதரம்,
ரெண்டுதரம்
என்று ஏலம் விட்டாள்.
பக்கத்து டை இல்லாத ஜப்பானியர்
எதற்கென்று தெரியாமலே தலை குனிந்து வணங்கினார்.

குச்சி மூன்று முறை வழுக்கியது.
நான்காவதற்குக் கையைப் போட்டாள்.
நானும் போட்டேன்.
பச்சை விழுதைப் பற்றி எழுதப் போவதில்லை,
அதனால் கண் கலங்கியது எனக்குத்தான்,
அவளுக்கு இல்லை.

மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள்.
நல்ல கத்தி என்றாள் ரின்மாவியாவிடம், ஆங்கிலத்தில்.
அவன் ஊரில் கடல் கிடையாதாம்.
இங்கே வந்த அன்றுதான் முதல்முதல் பார்த்தானாம்,
ரயிலில் இருந்து இறங்கி நேரே மெரினா,
தோளில் பையோடு.
எப்படி இருந்தது?
சத்தமாக இருந்தது என்றான்.
ராத்திரி மூணு மணிக்குக் காசிமேடு வா,
அப்பத் தெரியும் சத்தம்.
அவன் உண்மையாகவே நேரத்தைக் குறித்துக்கொண்டான்.

பில் வந்தது. பாதிப் பாதி.
அதற்கு முன் ஆவி பறக்கும் துண்டு வந்தது, சுருட்டி.
அவள் தொடவில்லை.

பதிமூன்று வருஷம்
ஞாயிறுகளில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பினால்
அந்த வீட்டு வாசலில் கையை நீட்டச் சொல்லுவார்களாம்.
இப்படி. முகர்ந்துவிட்டு உள்ளே விடுவார்கள்.
எலுமிச்சை, புளி, சீயக்காய்,
ஒருமுறை பாத்திரம் தேய்க்கும் பவுடர்.
இன்றுதான் சொல்கிறாள் என்னிடம்.
எட்டு வருஷமாக அடுத்தடுத்த மேசை எங்களுக்கு.

தெருவில் வந்து நின்று
விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள்.
இன்னொரு முறை. இடது கையையும்.

ஒண்ணுமே இல்லைடீ.
இவ்ளோ பணம் குடுத்துத் தின்னு, ஒரு வாசனை இல்ல.
இதை அந்த வீட்டு நடுக்கூடத்துல உட்கார்ந்து தின்னாலும்
யாருக்கும் தெரியாது.

ஆட்டோக்காரர் எங்கே என்றார்.
நான் மடிப்பாக்கம் என்று தொடங்கினேன்.
ராயபுரம் போப்பா என்றாள் அவள்,
மார்க்கெட் வழியா.
அந்நேரத்துக்கு அங்க ஒரே கவிச்சியா இருக்கும்மா.
இருக்கட்டும், அந்த வழியாவே போ.