நீலம் மேலே

உப்புவெளிச் சந்தியில்
தபால்பெட்டியை ஒட்டிய கடை எனது.
மெஷின் இரண்டு. கரண்டில் ஓடுவது ஒன்று,
அது பழுது. மிதிப்பது மற்றது.
பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாத அந்தப் பங்குனியில்
எல்லாம் ஒன்றுதான்.

செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தாள் வெள்ளைக்காரி.
மேசையில் இரண்டு துண்டு போட்டாள்:
பள்ளிக் காற்சட்டை நீலம்,
மஞ்சள்நீராட்டு மஞ்சள்.
"நீலம் மேலே" என்றாள், கூரையைக் காட்டி.
இன்னொரு தரமும் சொன்னாள்.
தலைகீழாய்த் தைத்துவிடுவேன் என்று பயம்.
கொடி தைத்துப் பழகிய கை இது
என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

பெப்ரவரி நாலுக்குப் பள்ளிக்கூடம் தரும்,
ஓரம் அடிக்க.
சிங்கம் தன் மஞ்சள் வேலிக்குள்ளே.
நானும் பக்கத்துக் கடை நஸீஹாவும்
வேலிக்கு இப்பால், இரண்டு பட்டைகளாய்.
போன வருஷம் ஒருவர்
அந்தப் பட்டைகள் இல்லாமல் தைக்கச் சொன்னார்.
"துணியும் மிச்சம்தானே அக்கா" என்று சிரித்தார்.
மெஷின் பழுது என்றேன்.
பழுதானதையே காட்டினேன்.

இன்னொரு கொடியும் தைத்திருக்கிறேன்,
பதினேழு வயதில், விளக்குத் திரியைத் தணித்து.
கூட இரண்டு பெடியள், என் வகுப்பு.
துணியைத் தொட்டுக் கும்பிட்டு வாங்கிப் போனார்கள்.
அவர்களேதான் அடுத்த மாதம் வந்து
நஸீஹாவின் வாப்பாவுக்கு
இனிப் பட்டன் விற்கவேண்டாம் என்றார்கள்,
மெதுவாய், மரியாதையாய்.
அப்பா பெட்டியை மூடினார்.
நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.
நஸீஹா இன்றைக்கும் பட்டனை
டவுனில்தான் வாங்குகிறாள்.

வெள்ளைக்காரியின் பெயர் யாரினா, ஊர் கார்கிவ்.
அவள் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் நொண்டி,
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடந்தன.
போனில் வீட்டைக் காட்டினாள். ஒன்பதாம் மாடி.
சமையலறை இருந்த இடத்தில் வானம்.
தாய் படுப்பது நிலத்தடி ரயில் நிலையத்தில்.
தாயோடு கதைக்கும்போது
ஒரு மொழியில் தொடங்கி, நாக்கைக் கடித்து,
மற்றதற்கு மாறுவாள்.
தாலாட்டு ரஷ்ய மொழியில் கேட்டவள்.
குண்டு போடுகிறவனும் அதிலேதான் கதைக்கிறானாம்.
பள்ளியில் மட்டும் படித்த உக்ரேனிய மொழியை
இப்போது சாப்பாட்டுக்கும் கோபத்துக்கும் பழக்குகிறாள்.

எனக்கு விளங்கும்.
சோதனைச்சாவடியில் ஒரு மொழியை விழுங்கி
மற்றதைத் துப்பிய வாய் இது.

பின்னேரம் அவன் வந்தான்.
அதே விடுதி, பின் அறை. பெயர் கிரில்.
திரும்பிப் போனால் துவக்குத் தருவார்கள் என்று
போகாமல் நிற்கிறவன்.
முழங்கால் கிழிந்த காற்சட்டையை நீட்டினான்.
யாரினா எழுந்துவிட்டாள்.
"என் கொடி இந்த மேசையில் இருக்கும்வரை
அதை வாங்காதே."

சமையலறையில் வானம் உள்ளவளைப்
பிழை சொல்ல எனக்கு வாயில்லை.
ஆனால் பட்டன் பெட்டி மூடிய சத்தம்
காதுக்குள் கேட்டது.

போர்த்திக்கொள்ளும் துணி
எந்த அங்குலத்தில்
அடுத்தவன் மூச்சை அடைக்கும் துணியாகிறது?
அளவுநாடா என் கழுத்தில்தான் கிடந்தது.

"நாளைக்கு வா" என்றேன் அவனுக்கு.
அவள் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.
செருப்பைக்கூட எடுக்காமல் போனாள்.

இரவு, மெழுகுதிரி. கடல் இரைந்தது.
பொருத்தித் தைக்கையில்
நீலத்தில் கால் அங்குலம், மஞ்சளில் கால் அங்குலம்
பின்பக்கம் ஒன்றோடொன்று மடிந்து கிடக்கும்.
முன்னால் பார்க்கிறவருக்கு
நேர்கோடு ஒன்றுதான்.
கொடி முடிந்தது.
மெஷினில் கோத்திருந்தது நீல நூல்.
மாற்றக் கண் தெரியவில்லை.
அவன் முழங்காலையும் அதாலேயே அடித்தேன்.

காலையில் முதலில் வந்தது அவள்தான்.
கொடியை விரித்து, தையலை விரலால் நீவினாள்.
ஆணியில் தொங்கிய காற்சட்டையைப் பார்த்தாள்.
கிட்டப் போனாள்.
முழங்காலில் அறுக்காமல் விட்ட நூல் முனை ஒன்று
ஆடிக்கொண்டிருந்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
கூலியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.
செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சந்தியைக் கடக்கையில் கொடியைத் தூக்கிப் பிடித்தாள்.
டீசல் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
கடற்காற்று அதைப் புரட்டியது:
மஞ்சள் மேலே.
நடுத் தெருவில் நின்று
சரிசெய்துகொண்டு போனாள்.