கறுப்பு டேப் சுற்றிய குழாய்

லென்ஸைத் திருப்பிப் பிடித்தால்
அது தூரத்தைக் கைவிட்டு
மூக்கு நுனியில் இருப்பதை மட்டும் காட்டும்.
ஒருவரும் சொல்லித் தரவில்லை.
கழுத்து உடைந்த ஐம்பது மில்லிமீற்றர் அது,
நேராக நிற்க மறுத்தது, அவ்வளவுதான்.

புறக்கோட்டையில் ஃபஸ்மில் எண்ணூறு ரூபாவுக்குத் தந்தான்.
உள்ளே பூஞ்சணம்.
"பாசி பிடிச்ச கிணறு, ஆனா தண்ணி நல்லம்" என்றான்.
மிச்சம் என் வேலை:
ஒன்றரை அங்குல பீவீசீக் குழாய்,
சுட்ட கத்தியால் நடுவில் வட்டம் வெட்டிய கமரா மூடி,
கீழ்மாடித் தையல்காரி வீசிய வெல்வெட் துண்டு உட்பக்கம்,
ஒளி ஒழுகாமல் ஐந்து சுற்று டேப்,
பிளாஷை முன்னுக்கு இழுக்க இரண்டு வயர்,
அதன் முகத்தில் கழுவிய யோகட் கோப்பை.

கூர்மை ஒரு மயிரிழை ஆழம்.
எறும்பின் கொம்பு தெளிந்தால் கண் கலங்கும்.
கண்ணைப் பிடிக்க நான் அரை மயிர் சரியவேண்டும்,
மூச்சு விடாமல்.
வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி
ரயிலை வருமுன்பே அறியும்:
முதலில் யன்னல் கம்பி,
பிறகு கோப்பையில் தேத்தண்ணி,
பிறகு எறும்பு இரண்டாகும்.
பாணந்துறை வண்டிக்கும் மாத்தறை வண்டிக்கும் நடுவில்
பதினொரு நிமிஷம்.
என் ஸ்டூடியோ அவ்வளவு பெரியது.

கம்பியில் கடல் விட்டுப்போன உப்பை எடுத்திருக்கிறேன்.
துருவுக்குக் குகைகள் உண்டு, உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள்.
செத்த நுளம்பின் காலில் செதில், மீன் மாதிரி.

பேரை வாவியில் தும்பிக்குக் காத்திருந்து
தோற்றுத் திரும்பிய ஒரு வெள்ளிக்கிழமை
கோட்டை ஸ்டேசன் வாசலில்
பையைத் திறக்கச் சொன்னார்கள்.
நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று
அந்த மேசையில் வைத்தபோதுதான் கண்டேன்.
குழாய். கறுப்பு டேப். இரண்டு வயர். பற்றரி.
பக்கத்தில் என் அடையாள அட்டை,
பிறந்த இடம் சாவகச்சேரி.
வரிசை இரண்டடி பின்னால் போனது.

"மே மொகத்த?"

கமரா என்றேன்.
அது எல்லாப் பாஷையிலும் கமராதான்.
எதை எடுக்க என்று கேட்டார்.
பதினெட்டு வருஷமாக இந்த நகரத்தில்
வீடு, மருந்து, பஸ் மிச்சக்காசு, மன்னிப்பு
எல்லாம் சிங்களத்தில் கேட்டிருக்கிறேன்.
எறும்பு என்று சொல்ல ஒருநாளும் நேர்ந்ததில்லை.
இரண்டு விரலை மேசையில் ஊரவிட்டேன்.
அவர் கை இடுப்புக்குப் போனது.

வரிசையில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று
சலித்த குரலில் சொன்னது: "கூம்பியா."

அவர் பெயர்ப்பட்டையில் கொடிதுவக்கு.
அதுவரை அதில் பாதிதான் என் கண்ணில் பட்டிருந்தது.
குழாயைத் தூக்கினார், தவறான பக்கத்தால் பார்த்தார்,
திருப்பினார்.
மேசை விளிம்பில் யாருடையதோ பணிஸ் துகளோடு
நிசமாகவே ஒன்று போய்க்கொண்டிருந்தது.
குனிந்தார்.
மூச்சைப் பிடித்தார்.
அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"மூஞ்சியெல்லாம் மயிர்" என்றார் கடைசியில்,
என்னிடமல்ல.
போ என்று கை காட்டினார்.
பையின் சிப் மூடமாட்டேன் என்றது, அல்லது என் விரல்.

இரவு பார்த்தால்
லென்ஸின் வெளிக் கண்ணாடியில் ஒரு பெருவிரல்.
துடைக்கத் துணி எடுத்தேன்.
பிறகு துணியை வைத்துவிட்டு,
டீவீடீ பிளேயரிலிருந்து கழற்றிய மிளகளவு லென்ஸை
ஹெயார்பின்னால் போனில் மாட்டி,
டோர்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன்.
வரம்பு வரம்பாக வயல்.
குறுக்கே ஒரு பழைய வெட்டு,
தேங்காய் உரித்ததாய் இருக்கலாம்.
என் ரேகை மூன்று அலுவலகங்களில் இருக்கிறது.
அவர்களுடையது ஒன்று
இன்றைக்கு என் மேசையில்.
வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தேத்தண்ணி நடுங்கத் தொடங்கியது.
அவசரத்தில் அழுத்திவிட்டேன்.
படத்தில் இரண்டு பெருவிரல்,
ஒன்றின்மேல் ஒன்று,
இரண்டுமே கூர்மையாக இல்லை.