கடன் நோட்டு

பாலம் வருகிறது என்று
மூன்று மழைக்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஊர்.
கீழே லுவாங்வா ஆறு
செம்மண் கரைத்த நிறத்தில்,
யாருக்கும் காத்திராமல்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம்.
ஒன்றாம் வகுப்புப் பலகைகளில்
முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருந்தார்கள்:
ஊர்த்தலைவரின் ஆள், பாதிரியார்,
பருத்திச் சங்கத்துச் செயலாளர்,
சட்டைப்பையில் மூன்று பேனா செருகிய தலைமையாசிரியர்,
இன்னும் சிலர்.
மஞ்சள் அட்டைகளைக் கொடுத்தேன்.
இந்தப் பாலத்தில் யாருக்கெல்லாம் சம்பந்தம்?
ஓர் அட்டைக்கு ஒரு பெயர்.

பன்னிரண்டு அட்டை வந்தது.
பன்னிரண்டும்
அறைக்குள் இருந்தவர்கள்.

சுவரில் கட்டம் வரைந்தேன்.
செல்வாக்கு மேலே ஏறும்,
அக்கறை வலப்பக்கம் நகரும்.
எல்லோரும் மேல் மூலையில் நெருக்கியடித்து நின்றார்கள்,
மழைக்கு ஒதுங்கிய ஆடுகள் மாதிரி.
கீழ் மூலை வெறும் சுவராகவே கிடந்தது.
"நீர்யானையை எங்கே ஒட்டுவது?" என்றார் பாதிரியார்.
சிரித்தோம்.
வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செலிபா
சிரிக்கவில்லை.

தேநீர்க் கோப்பையை நீட்டும்போது கேட்டாள்:
"ஃபாக்சனைக் கூப்பிடவில்லையா?"
யார் ஃபாக்சன்?
"காலையில் உங்களை அக்கரையிலிருந்து கொண்டுவந்தவன்."

காலையில் நான் பார்த்தது
ஒரு முதுகு. ஒரு துடுப்பு.
ஐந்து குவாச்சா வாங்கிய கை.

செயலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.
"பாலம் வந்தால் அவன் பிழைப்பு போய்விடும்.
வேண்டாதவனை எதற்கு வீட்டுக்குள்?"

வெயில் தாழ்ந்ததும் துறைக்குப் போனேன்.
தோணியைக் கவிழ்த்துப் போட்டு
விரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான்.
கேட்டதற்கெல்லாம் 'உம்', அவ்வளவுதான்.
பிறகு கையைத் துடைத்துக்கொண்டு
பிளாஸ்டிக் பையில் சுற்றிய நோட்டு ஒன்றை
முழங்காலில் விரித்தான்.

யெலெசானி. சோளம் இரண்டு மூட்டை, அரவை மில்லுக்கு.
அறுவடையில் தருவாள்.
திசாவுக்கே. வலி. நடு இரவு. கூலி இல்லை.
மலாவிக்காரர்கள் ஒன்பது பேர், பருத்தி பறிக்க,
மே மாதம் மட்டும்.
மபுவுட்டோ, ஒரு சைக்கிள், மூன்று கோழி;
கோழிக்கும் சேர்த்துப் பாக்கி.
மாதத்தின் முதல் வியாழன், விடியுமுன்:
பெயர் இல்லை, ஒரு வட்டம்.

"மாத்திரை வாங்கப் போகிறவள்" என்றான்.
"தோணியில் நான் ஒருவன்தான் பார்க்கிறேன்.
பாலத்தில் ஊரே பார்க்கும்."

பக்கங்களைப் புரட்டப் புரட்ட
என் சுவரின் வெற்று மூலைக்கு
ஆள் வந்துகொண்டே இருந்தது.

இன்ஜினீயர் முளை அடித்த இடத்தைக் காட்டினேன்.
"அது நீர்யானை மேய்ச்சலுக்கு ஏறும் தடம்.
பாதிரியார் சிரிக்கட்டும்.
இரவில் வந்து நிற்கச் சொல்லுங்கள்."

கடைசியாகக் கேட்டேவிட்டேன்:
உங்களுக்குப் பாலம் வேண்டுமா, வேண்டாமா?
ஆற்றைப் பார்த்தபடியே சொன்னான்,
"பிப்ரவரி வெள்ளத்தில் என் தம்பி போனது
இதே துறையில்தான். வேண்டும்.
மூன்று பிள்ளைகளுக்கு இந்தத் துடுப்புதான் சோறு போடுகிறது.
வேண்டாம்.
உங்கள் அட்டையில்
இரண்டும் எழுத இடம் இருக்கிறதா?"

படிவத்தில் ஒரு வரி இருக்கிறது:
எதிர்ப்பாளர்கள், கையாளும் முறை.
அதை எழுதாமல் மடித்துவைத்தேன்.

இருட்டும் முன் அக்கரை சேர வேண்டும்.
தார் காயாத தோணியை விட்டு
அண்ணன் மகனின் தோணியை இரவல் வாங்கி வந்தான்.
இறங்கியதும் இருநூறு குவாச்சா நோட்டை நீட்டினேன்.
சில்லறை இல்லை.
பரவாயில்லை, எழுதிக்கொள்கிறேன் என்றான்.

பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.
எதற்காகக் கடந்தேன் என்ற இடம் வந்ததும்
பென்சிலைக் காதில் செருகி
கொஞ்சம் யோசித்தான்.
மீண்டும் எடுத்து எழுதினான்:

பாலம். ஐந்து குவாச்சா. பாக்கி.