ஈர மணல்

வரலாற்று ஏட்டில் அவளுக்கு ஒன்றரை வரி.
வடக்கு மலையைத் தாண்டி வந்தாள்;
எலிஸ்பர் மன்னருக்கு மூன்று பெற்றாள், இரண்டு தங்கின.
அந்த வரியின் மேல் மணல் தூவியவன் நான்தான்.

என் வேலை அவ்வளவே.
மன்னர் ஒப்பமிட்டதும்
ரியோனி ஆற்றில் அள்ளிச் சலித்த மணலை
மையின் மேல் தூவ வேண்டும்,
தாளைச் சாய்த்துத் தட்ட வேண்டும்.
முத்திரைக்காரன் மெழுகு உருக்குவான்.
வாசலில் குதிரை நிற்கும்.
ஒரு மனிதன் செத்துப்போக
ஒரு சிட்டிகை மணல் போதும் என்று
அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

தெப்ரோனே வந்த முதல் குளிர்காலத்தில்
எங்கள் மொழியில் அவளுக்கு ஏழே சொற்கள்.
ரொட்டி. விறகு. குதிரை. குளிர். ஆமாம். இல்லை.
ஏழாவது, இன்னும்.

அரியணையை விட அரைச்சாண் தாழ்ந்த இருக்கையில்
அக்ரூட் உடைத்துக்கொண்டிருப்பாள்.
தூதுவர்கள் யாரும் அவளைப் பார்த்துப் பேசியதில்லை,
மேசையைப் பார்த்துப் பேசமாட்டார்களே, அதுபோல.

உப்பு வரி கேட்டவனின் பல்லை உடைத்த
கோச்சா என்ற இடையனுக்குத் தூக்கு.
மன்னர் இறகுப் பேனாவை வைத்தார்.
நான் கிண்ணத்தை எடுத்தேன்.
அவள் குனிந்து
ஒப்பத்தின் வாலை ஒற்றை விரலால் தொட்டு
விரலைத் தூக்கிக் காட்டினாள்.
கருப்பு.
"இன்னும்" என்றாள்.
காயவில்லை என்ற சொல் அவளுக்கு வந்திருக்கவில்லை.
மன்னர் சிரித்தார். சாப்பிடப் போனார்கள்.
காலையில் இன்னொரு தடவை படித்தவர்
தூக்கை அடித்துவிட்டு
ஆறு ஆடு அபராதம் என்று எழுதினார்.

பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள்.
சொற்கள் அவளுக்கு மந்தை மந்தையாக வந்து சேர்ந்தன,
சமையல்காரி திட்டும் வசைகள் உட்பட.
ஆனால் ஒப்பமிட்ட தாளின் முன்னால்
அந்த ஒரு சொல்லைத்தான் பேசினாள்.

நானும் கற்றுக்கொண்டேன்.
அவள் கண் என் கிண்ணத்தின் பக்கம் திரும்பினால்
மணலில் மூன்று சொட்டுத் தண்ணீர்.
ஈர மணலில் மை காயாது, கலங்கும்.
கலங்கினால் மறுபடி எழுத வேண்டும்.
எழுதினால் மறுபடி படிக்க வேண்டும்.
மன்னருக்குத் தெரியாதா?
ஒருநாள் கிண்ணத்துக்குள் விரல் விட்டுப் பார்த்தார்.
விரலை அங்கியில் துடைத்துக்கொண்டார்.
ஒன்றும் சொல்லவில்லை.

புனிதவதி என்று சொல்ல வரவில்லை நான்.
அவள் தம்பியைக் கணவாயில் கொன்றவனைச்
சங்கிலியோடு இழுத்து வந்தார்கள்.
காலில் விழுந்தான். கைக்குழந்தை இருக்கிறது என்றான்.
அன்றைக்குத் தயங்கியவர் மன்னர்தான்.
பேனாவைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தார்,
அந்தச் சொல்லுக்காக.
ஓடு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.
ஒப்பமிட்டார்.
அவளே எழுந்து வந்து கிண்ணத்தை வாங்கித்
தன் கையால் தூவினாள்,
காய்ந்த, மிகக் காய்ந்த மணலை.
அந்தக் குளிர்காலம் முழுக்க
அவள் அக்ரூட்டைத் தொடவில்லை.

மதுச்சாடிகளை மண்ணில் புதைத்து வாய் மூடிய வாரத்தில்
அவளையும் மூடினோம்.
எட்டாம் நாள் மன்னர் அவைக்கு வந்தார்.
மூன்று தாள்கள்.
மூன்றையும் படிக்கவில்லை, மூன்றிலும் ஒப்பம்.
பக்கத்து இருக்கையின் இடுக்கில்
யாரும் பெருக்காத ஓட்டுத்துண்டு ஒன்று.
மெழுகு உருகிவிட்டது.
வாசலில் குதிரை கால் மாற்றி நின்றது.

"காய்ந்துவிட்டதா?" என்றார்.

அந்த மண்டபத்தில் அதுவரை
நான் வாய் திறந்ததில்லை.
திறந்தபோது வந்தது என் ஊர்ப் பேச்சு அல்ல;
நடு எழுத்தில் கொஞ்சம் அதிகம் அழுந்துகிற
வடமலை உச்சரிப்பு.
"இன்னும்."

மன்னர் என்னை வெகுநேரம் பார்த்தார்.
குதிரையின் சேணத்தை அவிழ்க்கச் சொன்னார்.

காலையில் இரண்டை அடித்தார்.
ஒன்றை அப்படியே அனுப்பினார்.
அதற்கு
நல்ல மணலாகப் பார்த்துத் தூவினேன்.