செவ்வாய்க்கிழமைத் தபால்

திங்கள் இரவின் பட்டியல்
செவ்வாய் காலை என் மேசைக்கு வந்துவிடும்.
டோலிடோ நகரக் காவல்துறை, இரண்டாம் மாடி,
ஹீட்டர் இருமிக்கொண்டே இருக்கும் அறை.
பென்சிலில் வண்டி எண்கள்.
ப்ரூயின் எழுதியதென்றால்
ஒன்றும் ஏழும் இரட்டைப் பிள்ளைகள்.

ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெயர்,
ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாசல்.
கேட்டதும் கொடுத்துவிடுகிறது கணினி,
அதற்கு வெட்கம் கிடையாது.

வக்கீல்கள் கூடி இழைத்து இழைத்து
மெலிந்துபோன கடிதம்:
"தங்கள் பெயரில் பதிவான வாகனம்
பாலியல் வியாபாரம் நடப்பதாக அறியப்பட்ட தெருவை
ஒரே இரவில் மூன்று முறை சுற்றியது காணப்பட்டது.
இது குற்றச்சாட்டு அல்ல.
அபராதம், வண்டிப் பறிமுதல், நோய் அபாயம் பற்றித்
தங்கள் கவனத்துக்கு."
'அல்ல' தடித்த எழுத்தில் இருக்கவேண்டுமாம்.
உறையின் மூலையில் காவல்துறைச் சின்னம்,
சமையலறை மேசையில் யார் கண்ணிலும் படுகிற அளவுக்கு.

அதுதான் திட்டமே.
வாங்க ஆள் வராவிட்டால்
விற்கிறவன் கடையைக் கட்டுவான் என்றார் லெப்டினன்ட்.
இருக்கலாம்.
நான் தாளை மூன்றாக மடிக்கிறேன்,
நாக்கில் பசையின் ருசி.

பதினோரு வருடப் பழக்கம் ஒன்று உண்டு எனக்கு:
முதலில் எங்கள் வீட்டு வண்டியின் எண்ணைத் தேடுவேன்.
இல்லை என்றானபின்தான்
காபி ஊற்றிக்கொள்வேன்.

பதில்களும் வரும்.
வசவு. ஒரு பல் மருத்துவருடைய வக்கீலின் மிரட்டல்.
வழி தவறிவிட்டதென்று நான்கு பக்கம், வரைபடத்தோடு.
ஒருமுறை, பெண் கையெழுத்தில்,
"நன்றி" என்று மட்டும்.
அன்று இரவு நான் தூங்கவில்லை.

பிப்ரவரியில் ஒன்று வந்தது.
கோடு போட்ட தாள், வலப்பக்கம் சாயும் எழுத்து,
கீழே வெர்னா ஹாட்லி.

"ஆமாம், நான்தான் ஓட்டினேன்.
சாம்பல் நிற ப்யூக், இடது விளக்கு எரியாது.
மூன்று முறை என்று எழுதியிருக்கிறீர்கள்.
தப்பு. பதினேழு.
வியாழக்கிழமையும் வருகிறேன்,
அதை யாரும் குறிக்கவில்லை போல.
என் மகள் கேலிஸ். இருபத்திரண்டு முடிந்தது.
பச்சை ஜாக்கெட். வலது புருவத்தில் தழும்பு,
சைக்கிளிலிருந்து விழுந்தாள்,
பிடித்துக்கொண்டிருந்தது நான்.
இருட்டில் என் எண்ணைப் படிக்கிற கண்
உங்கள் ஆளுக்கு இருக்கிறது.
ஓரமாக நின்றவர்களையும் பார்த்திருப்பார்.
எழுதி வைத்திருக்கிறாரா?"

இதற்கு எங்களிடம் படிவம் இல்லை.
படி இறங்கி ப்ரூயினிடம் கொண்டுபோனேன்.
கண்ணாடியை மாட்டினான், கழற்றினான்,
தாளின் பின்பக்கத்தையும் பார்த்தான்.
"வண்டிகளை மட்டும்தானே குறிக்கச் சொன்னார்கள்."
சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டு
அப்புறம் கேட்டான்: "பச்சையா?"
சலவைக் கடை வாசலில் ஒருத்தி, டிசம்பரில்.
ஆனால் அந்தத் தெருவிளக்கு மஞ்சள்,
அதன் கீழே பச்சையும் நீலமும்
ஒரே சேறு.
"முகத்தைப் பார்க்கவில்லை" என்றான்.
வாய்தவறிச் சொன்ன கெட்ட வார்த்தை போல
மறுபடியும் அதையே சொன்னான்.

அடுத்த செவ்வாய் வந்த பட்டியலில்
பதினான்கு எண்கள்.
அடியில், ஓரத்தில், அழுத்தாத பென்சிலில்:
பச்சை இல்லை.

அதற்கடுத்த வாரமும்.
மார்ச் இரண்டாம் வாரம், பனி பெய்தபோது:
பச்சை இல்லை. சலவைக் கடை மூடியிருக்கிறது.

திட்டம் வேலை செய்கிறதாம்,
வண்டிகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக
மேயர் அலுவலகத்துக்கு அறிக்கை போயிற்று.
நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று
அதில் ஒரு கட்டம் இல்லை.
ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் என்கிறான் ப்ரூயின்,
அங்கே தெருவிளக்கே கிடையாது.

ப்யூக்கின் எண்ணை அவன் இப்போதும் எழுதுகிறான்.
நான் அதற்குக் கடிதம் போடுவதில்லை.
சின்னம் இல்லாத உறை ஒன்றை
சொந்தக் காசில் வாங்கி,
அந்த இரண்டு சொற்களை உள்ளே வைத்து அனுப்புகிறேன்.
ஆறுதலா, தண்டனையா, தெரியவில்லை.

போன வாரம் எண்ணுக்குப் பக்கத்தில்
ஒரு குறிப்பு இருந்தது:
இடது விளக்கு மாற்றியாயிற்று.